கவுண்டர் பக்கம் வாங்க: மாணவர் கேள்வி பதில்

போன இதழ்ல தனியார் யுனிவர்சிட்டில படிக்கிற பிள்ளைங்களப் பத்தி நாலு வரி எழுதுனேன், அதுக்கு இத்தன கேள்வி வரும்னு நெனக்கவே இல்ல. பதினாலு வருஷம் சிங்கப்பூர்ல ஒரு சின்ன தனியார் யுனிவர்சிட்டியோட மாணவர் சேவை கவுண்டர்ல உக்காந்திருந்தேன், அந்த அனுபவத்துலதான் சொல்றேன். எல்லாத்தையும் போட எடம் இல்ல, திரும்பத் திரும்ப வந்தத மட்டும் எடுத்திருக்கேன்.

அக்கா, நான் தஞ்சாவூர் பக்கம். இங்க பிசினஸ் படிக்க வந்து அஞ்சு மாசம் ஆச்சு. வாரத்துக்கு 16 மணி நேரம் பார்ட் டைம் பாக்கலாம், சாப்பாட்டுச் செலவு வந்துரும்னு ஏஜென்ட் சொல்லித்தான் அனுப்புனாரு. இப்ப தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஒரு கடையில சாயங்காலம் வந்து தட்டு எடு, கையில காசா தரேன்னு கூப்புடுறாங்க. போலாமா?

போகாத தம்பி. முதல்ல இத சொல்லிட்டுத்தான் மத்தது.

ஏஜென்ட் சொன்ன அந்த 16 மணி நேரம் பொய் இல்ல, ஆனா அது உனக்கு இல்ல. மனிதவள அமைச்சு ஒரு பட்டியல் வச்சிருக்கு, என்யூஎஸ், என்டியூ மாதிரி யுனிவர்சிட்டி, பாலிடெக்னிக், இன்னும் சில கல்வி நிலையம் எல்லாம் அதுல இருக்கு, அங்க முழு நேரம் படிக்கிற ஸ்டூடன்ட் பாஸ் பிள்ளைங்கதான் ஒர்க் பாஸ் இல்லாம அந்த மணிக்கணக்குல வேலை பாக்கலாம். தனியார் கல்வி நிலையம் பெரும்பாலும் அந்தப் பட்டியல்ல கெடையாது. அமைச்சோட வெப்சைட்லயே பட்டியல் இருக்கு, உன் யுனிவர்சிட்டி பேரு இருக்கான்னு நீயே உன் கண்ணால பாரு, இல்லன்னா ஒரு மணி நேரம்கூட பாக்கக் கூடாது. சம்பளம் பேங்க்ல வராம கையில வந்தாலும் அதுவும் வேலைதான். மாட்டுனா 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும் சேத்து, பாஸும் போயிரும். கடைக்காரருக்கும் தண்டனை உண்டு, ஆனா அவரு இங்கதான் இருப்பாரு, திரும்பி ஊருக்கு ஃப்ளைட் ஏறப்போறது நீ.

இதுல எனக்கு வர்ற கோபம் உன் மேல இல்ல. நெலத்த அடமானம் வச்சு அனுப்புன குடும்பத்துக்கிட்ட இந்த 16 மணி நேரத்தக் காட்டி சீட் விக்கிறாங்களே, அவங்க மேலதான். உன் ஏஜென்ட் வாட்ஸ்அப்ல இப்படி எழுதியிருந்தா அழிக்காம ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்க, யுனிவர்சிட்டி ஆபீஸ்ல அதக் காட்டு, அவங்க பேரச் சொல்லி ஆள் சேக்குற ஏஜென்ட் என்ன சொல்றாருன்னு அவங்களுக்குத் தெரியணும்.

செலவுக்கு என்ன பண்றது? அடுத்த தவண ஃபீஸ் கட்ட முடியாதுன்னு தெரிஞ்சா கெடு தேதிக்கு முன்னாடியே ஆபீஸ்ல போய்ச் சொல்லு, பிரிச்சுக் கட்ட விடுவாங்களான்னு கேளு. முன்னாடி கேட்டவங்களுக்கு நாங்க ஏதாவது வழி பாத்தோம், கெடு தாண்டி வந்தா கம்ப்யூட்டரே லேட் ஃபீ போட்டுரும், எங்க கையில ஒண்ணும் இருக்காது. ரூம்ல நாலு பேரு இருந்தா ஆளுக்கு ஒருநாள் சமையல்னு வச்சுக்கங்க, தேக்கா மார்க்கெட்ல காய் வாங்கி ரைஸ் குக்கர்லயே சாம்பார் சாதம் வச்சா வெளிய சாப்புடுற காசுல பாதி மிச்சம். கோயில் அன்னதானத்துல போய் உக்காந்து சாப்புடுறதுக்கு கூச்சமே படாத, அது பசிச்சவங்களுக்குத்தான் போடுறாங்க.

என் அம்மாச்சி இறந்துட்டாங்கன்னு போன் வந்துச்சு, அன்னைக்கு ராத்திரியே ஊருக்குக் கெளம்பிட்டேன். பத்து நாள் கழிச்சுத்தான் வந்தேன். லெக்சரருக்கு வாட்ஸ்அப்ல சொன்னேன், அவரும் டேக் கேர்னு போட்டாரு. இப்ப ஆபீஸ்ல இருந்து அட்டெண்டன்ஸ் வார்னிங் லெட்டர் வந்திருக்கு. நான் சொல்லிட்டுத்தானே போனேன்?

மனசுக்குக் கஷ்டமா இருக்கும்மா, அம்மாச்சி போன துக்கத்துல இது வேற.

நீ லெக்சரர்கிட்டதான் சொல்லியிருக்க, ஆபீஸ்ல சொல்லல. பார்ட் டைம் லெக்சரரா இருந்தா அவரு வாரத்துல ரெண்டு நாள் வந்து பாடம் எடுத்துட்டுப் போயிருவாரு, உன் மெசேஜ் அவரு போனோட நின்னுரும். ஸ்டூடன்ட் பாஸ்ல தனியார் கல்வி நிலையத்துல படிக்கிறவங்களுக்கு எந்த மாசமும் அட்டெண்டன்ஸ் 90 விழுக்காட்டுக்குக் கீழ போகக் கூடாது, சரியான காரணம் இல்லாம தொடர்ந்து ஏழு நாள் வரலன்னா குடிநுழைவு ஆணையத்துக்கு, அதான் ஐசிஏவுக்கு, யுனிவர்சிட்டி தெரிவிச்சே ஆகணும். 90னா ஏதோ கொஞ்சம் தாராளம் இருக்குற மாதிரி தோணும், கணக்குப் போட்டுப் பாரு, மாசத்துல 20 க்ளாஸ்னா ரெண்டு விட்டா சரியா 90, மூணு விட்டா 85. அவ்ளோதான் எடம்.

இப்ப பண்ண வேண்டியது, நாளைக்கே லீவ் ஃபாரம் வாங்கி நெரப்பு, இறப்புச் சான்றிதழ் நகல், போன டிக்கெட், வந்த டிக்கெட், லெக்சரருக்கு அனுப்புன மெசேஜ், எல்லாத்தையும் சேத்துக் குடு, தமிழ்ல இருக்கிற சான்றிதழா இருந்தா இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணுமான்னும் கேட்டுக்க. குடுத்ததும் 'வாங்கிக்கிட்டோம்'னு ஒரு ஈமெயில் கேட்டு வாங்கு. நேர்ல குடுத்தேன்னு சொல்ற பிள்ளைங்கள எத்தனையோ பேரப் பாத்துட்டேன், யார்கிட்ட குடுத்தன்னு கேட்டா 'கண்ணாடி போட்ட ஒரு அக்கா'ம்பாங்க, எங்க ஆபீஸ்ல மூணு பேரு கண்ணாடி.

எம்சியும், அதான் டாக்டர் குடுக்கிற மருத்துவச் சான்றிதழும், அப்படித்தான். ஒரு பையன் எம்சிய நாலா மடிச்சு போன் கவருக்குள்ள வச்சுக்கிட்டு மூணு வாரம் சுத்திட்டு வந்தான், அந்தச் சூட்டுல காகிதம் கறுத்து டாக்டர் போட்ட தேதியே தெரியல. க்ளினிக்ல திரும்ப வாங்கிட்டு வர அவனுக்கு ஒரு நாள் ஆச்சு, அன்னைக்கும் ஒரு க்ளாஸ் போச்சு. எம்சி கையில வந்ததும் க்ளினிக் வாசல்லயே போட்டோ எடுத்து ஆபீஸுக்கு அனுப்பிரு, அசல அப்புறம் குடு.

என் அண்ணன் மக போன வாரம் ஒரு எடத்துல கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டுட்டா. இப்ப அந்தக் கோர்ஸ் வேணாம்னு அழுகுறா. கட்டுன காசு அவ்ளோதானா? (பூன் லேயிலிருந்து ஒரு சித்தப்பா)

ஓடுங்க சித்தப்பா, நாள எண்ணிக்கிட்டே ஓடுங்க. கையெழுத்துப் போட்டதுலேருந்து ஏழு வேலை நாள் வரைக்கும் மனசு மாற எடம் இருக்கு. அதுக்குள்ள எழுத்துல 'விலகுறேன்'னு குடுத்துட்டா, கான்ட்ராக்ட்ல ரீஃபண்ட் அட்டவணைன்னு போட்டிருப்பாங்க பாருங்க, அதுல இருக்கிற ஆக உயர்ந்த விழுக்காட்ட அவங்க திருப்பித் தரணும், கோர்ஸ் தொடங்கியிருந்தாலும் சரி. விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. வேலை நாள்னா சனி ஞாயிறு கணக்குல வராது. போன்ல சொல்றது, கவுண்டர்ல வாயால சொல்றது எல்லாம் செல்லாது, ஈமெயில் போடச் சொல்லுங்க. அவங்க இழுத்தடிச்சா ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர்ங்கிற அரசு அமைப்புக்குக் கீழ தனியார் கல்விக் குழு இருக்கு, முதல்ல சமரசப் பேச்சு, அப்புறம் நடுவர் தீர்ப்புன்னு வழி வச்சிருக்காங்க. அடுத்து வேற எடம் பாக்கும்போது தனியார் கல்வி நிலையத்துக்குக் குடுக்கிற எடுடிரஸ்ட் தரச் சான்றிதழ் இருக்கா, கட்டுற ஃபீஸுக்குப் பாதுகாப்புத் திட்டம் இருக்கான்னு ரெண்டையும் பாத்துட்டு அப்புறமா பேனாவ எடுக்கச் சொல்லுங்க.

காய்ச்சல்னு க்ளினிக் போனேன், ஸ்கூல் இன்ஷூரன்ஸ் இருக்குன்னு சொன்னா அவங்க ஏத்துக்கல.

யுனிவர்சிட்டி எடுத்துக் குடுக்கிற மருத்துவக் காப்புறுதி பெரும்பாலும் ஆஸ்பத்திரியில சேந்து படுக்கிறதுக்குத்தான், காய்ச்சல் சளிக்கு க்ளினிக் காசு நம்ம கையிலதான். அந்தப் பாலிசி தாள ஒருதரம் கேட்டு வாங்கிப் படிச்சுரு, அவசரத்துக்குக் கூப்புடுற நம்பர போன்ல சேமிச்சு ரூம்மேட்கிட்டயும் குடு, நீ மயங்கிக் கெடந்தா எடுத்துப் பேச வேண்டியது அவன்தான்.

பகல்ல வேலை, ராத்திரி டிகிரி படிக்கிறேன். டிசம்பர்ல பரீட்ச, அதே வாரத்துல ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சி. ஆபீஸ் நான் வர்ற நேரத்துக்கு மூடிருது.

எஸ்ஏஎஃப் 100, அதான் பயிற்சிக்கு வரச் சொல்ற அழைப்பாணை, கையில கெடச்ச அன்னைக்கே பரீட்ச அட்டவணையோட ஒன்என்எஸ் வெப்சைட்ல தள்ளிவைக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டுரு, கடைசி மாசத்துல போடாத. யுனிவர்சிட்டில இருந்து பரீட்ச தேதி போட்ட கடிதம் வேணும்னு ஈமெயில்ல கேளு, நேர்ல வர வேண்டியதே இல்ல. ஆபீஸ் ஆறு மணிக்கு மூடுறத பத்தி நீ சொன்னது நியாயம், ராத்திரி க்ளாஸ் நடத்துற எடத்துல வாரத்துல ஒரு நாளாவது எட்டு மணி வரைக்கும் கவுண்டர் தெறந்திருக்கணும். க்ளாஸ்ல பத்து பேரு சேந்து கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எங்க எடத்துல அப்படித்தான் புதன்கிழம ராத்திரி தொடங்குச்சு.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்ல ஒரு ரூம், மாசம் 800 வெள்ளி. வீட்டுக்காரம்மா பேப்பர் எல்லாம் வேணாம், நம்பிக்கைதான் முக்கியம்ங்கிறாங்க. நம்ம ஊர்க்காரங்கதான்.

நம்ம ஊர்க்காரங்கன்னாலும் பேப்பர் வேணும். வீவக ரூம்னா கொறஞ்சது ஆறு மாசத்துக்கு விடணும், வீட்டுக்காரங்க வீவககிட்ட அனுமதி வாங்கி உன் பேரப் பதியணும். பதியலன்னா நாளைக்கு டெபாசிட்டத் தரமாட்டேன்னு சொன்னா நீ எங்க போய்க் கேப்ப? ஒப்பந்தம் போட்டு முத்திரை வரி கட்டணும், மொத்த வாடகையில 0.4 விழுக்காடு, ஒரு வருஷம்னா 9,600 வெள்ளிக்கு, காசக் கழிச்சுட்டு, 38 வெள்ளி. அந்த முப்பத்தெட்டு வெள்ளியப் பாத்து விட்டுறாத. சாவி வாங்கும்போது சுவர், மெத்தை, ஃபேன், எல்லாத்தையும் வீடியோ எடுத்து அவங்களுக்கே அனுப்பிரு. சமைக்கலாமா, துணி எத்தன தடவ தொவைக்கலாம், ஏசி எத்தன மணிக்குப் போடலாம்னு இப்பவே கேளு, சண்ட வர்றது பெரும்பாலும் இதுலதான்.

என் மகன் ரெண்டாம் வருஷம். முன்னாடி தெனமும் போன் பண்ணுவான், இப்ப பண்றதில்ல. எடுத்தாலும் 'ம்' தான். யுனிவர்சிட்டிக்கு போன் பண்ணா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க. பயமா இருக்கு. (திருச்சியிலிருந்து ஒரு அம்மா)

அம்மா, உங்க கடிதத்தத்தான் மூணு தடவ படிச்சேன்.

யுனிவர்சிட்டி சொல்லாதது அலட்சியத்தால இல்ல. பையன் பெரியவன், அவன் சம்மதம் இல்லாம அவன் விஷயத்தப் பேசக் கூடாதுன்னு இருக்கு. ஆனா நீங்க சொல்றத அவங்க கேட்டுக்கலாம். 'என் மகன் பத்தி எதுவும் கேக்கல, ஒருதரம் அவனக் கூப்புட்டுப் பாருங்க'ன்னு ஈமெயில் போடுங்க. சின்ன யுனிவர்சிட்டில இது ஒரு நல்லது, மொத்தமே நூத்துக்கணக்குல பிள்ளைங்க, கவுண்டர்ல இருக்குறவங்களுக்கு பாதிப் பேர் மொகம் தெரியும்.

ஒரு பையன் எங்க கவுண்டருக்கு ஒரே வாரத்துல மூணு தடவ வந்தான், பேங்குக்கு ஒரு லெட்டர் வேணும்னு. மூணு தடவையும் அதே லெட்டர். முதல் ரெண்டு தடவ நான் நிமிந்துகூட பாக்கல, பிரிண்ட் எடுத்துச் சீல் வச்சுக் குடுத்துட்டேன். மூணாவது தடவ முன்னாடி குடுத்த லெட்டர் என்னாச்சுப்பான்னு கேக்க வாயெடுத்தேன், மொகத்தப் பாத்ததும் 'சாப்புட்டியா'ன்னுதான் வந்துச்சு. அப்படியே நின்னபடி அழுதுட்டான். மூணு பேப்பர்ல ஃபெயில், வீட்ல சொல்லல, அந்த வாரம் பூரா அவன் யார்கிட்டயாவது பேசுன ஒரே எடம் என் கவுண்டர்தான். கவுன்சலர் ரூம் அங்கருந்து இருபது அடி, கதவுல பேரு போட்டிருக்கு, உள்ள போனா யாராவது பாத்துருவாங்களோன்னு போகல. நானே கூட்டிட்டுப் போய் வெளிய உக்காந்திருந்தேன். மறு பரீட்ச எழுதி பாஸ் பண்ணான், ஆறு மாசம் கூட ஆச்சு படிப்பு முடிய, அவ்ளோதான்.

அதனால உங்க மகன்கிட்ட மார்க்கப் பத்தி இந்த மாசம் கேக்காதீங்கம்மா. 'ஃபெயில் ஆயிருந்தா அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ என்கிட்ட சொல்லு'ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க, உங்க குரல்ல, டைப் பண்ணாதீங்க. யுனிவர்சிட்டி ஆளுங்ககிட்ட பேச அவனுக்குக் கூச்சமா இருந்தா வெளியவும் எடம் இருக்கு, 1771னு மனநல உதவிக்கு 24 மணி நேர எண், மனசு ரொம்ப உடஞ்சு வேற யோசனை வந்தா 1767, அதுவும் 24 மணி நேரம். ரெண்டு எண்ணையும் அந்த மெசேஜோடவே அனுப்புங்க, அவனுக்குத் தேவைப்படலன்னா ரூம்மேட்டுக்காவது ஆகும். ரூம்மேட் நம்பர் உங்ககிட்ட இருந்தா இன்னைக்கு ராத்திரியே கூப்புட்டு அவன் சாப்புடுறானா, தூங்குறானா, க்ளாஸுக்குப் போறானான்னு மூணே கேள்வி கேளுங்க. க்ளாஸுக்கும் போகலன்னு தெரிஞ்சா விடியக்காலைல ஆபீஸுக்கு போன் போடுங்க, மேல சொன்ன 90 விழுக்காட்டுக் கணக்கு அவனுக்கும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. என்ன ஆச்சுன்னு எனக்கும் ஒரு வரி எழுதுங்கம்மா, காத்துக்கிட்டு இருப்பேன்.