தாழ்வான கரிசல் மனையில் வீடு கட்ட, கிராவல் கொட்டி மேடாக்கினால் போதுமா?

போதாது. கரிசல் மண் மழையில் உப்பிப் பெருகும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். முதலில் புல், வேரோடு மேல்மண்ணை அரையடி வழித்தெடுங்கள். அதை லாரிக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். தோட்டத்துக்கு அதுதான் உயிர், ஓரமாகக் குவித்து வையுங்கள்.

பிறகு கிராவலை அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் ரோலர் விட்டு இறுக்க வேண்டும். மூன்றடி மேடாக்க வேண்டுமென்றால், அத்தனையையும் மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் உருட்டினால் அடிமண் பொலபொலவென்றே கிடக்கும், பின்னால் தரை உள்வாங்கும். ஈரம் சரிதானா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடியுங்கள்: உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் சேறு ஒட்டக் கூடாது.

அஸ்திவாரம் மட்டும் கொட்டிய மண்ணில் நிற்கவே கூடாது. கிராவலையும் கரிசலையும் தாண்டிக் கெட்டித்தரை வரை தோண்டச் சொல்லுங்கள். கரிசல் ரொம்ப ஆழம் என்றால் பொறியாளரிடம் மண் பரிசோதனை செய்து பைல் (கெட்டித்தரை வரை ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போடுவதே நல்லது.