ஜூன் முடிவில் 'சொஸ்பேஸோ' என்று வந்தால்

வணக்கம். மகள் இத்தாலியில் லிச்சேயோ ஷெந்தீஃபிக்கோ (அறிவியல் சார்ந்த மேல்நிலைப் பள்ளி) முதலாண்டில் கணிதத்திலும் லத்தீனிலும் தேர்ச்சி மதிப்பெண்ணான 6க்குக் (10க்கு) கீழே எடுத்திருக்கிறாள், பெயருக்கு எதிரே 'ஜூதிட்ஸியோ சொஸ்பேஸோ' என்று வந்திருக்கிறது, ஒரு வருடம் போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். போகவில்லை. முடிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தோல்வி என்றால் ஜூனிலேயே சொல்லியிருப்பார்கள்.

கோடையில் பள்ளியே மீட்பு வகுப்பு நடத்தும். அது வேண்டாம், தனியாகப் படிக்க வைக்கிறோம் என்றால் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஆனால் அந்த இரண்டு பாடங்களின் மீட்புத் தேர்வைத் தவிர்க்க முடியாது. அடுத்த வருட வகுப்புகள் தொடங்குமுன், பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசிக்குள், அது நடக்கும். பிறகு வகுப்பு ஆசிரியர்கள் எல்லோரும் மறுபடி கூடி முடிவெடுப்பார்கள். ஒரே ஆசிரியர் கையில் இல்லை என்பது இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம். கணிதத்தில் எந்தப் பகுதி பலவீனம் என்று ஆசிரியர் எழுதித் தந்திருப்பார். முதலில் அதைப் பாருங்கள், புத்தகம் முழுக்க ஓட வேண்டாம்.

அப்புறம், அதே லிச்சேயோவின் பயன்பாட்டு அறிவியல் பிரிவுக்கு மாற்றலாமா என்ற கேள்வி. அங்கே லத்தீன் கிடையாது, பதிலாக வாரம் 2 மணி நேரம் கணினியியல். சரி, ஆனால் கணிதம் முதலாண்டில் இரண்டு பிரிவிலும் அதே 5 மணி நேரம்தான், இயற்கை அறிவியல் அங்கே இன்னும் அதிகம். லத்தீனுக்குப் பயந்து மட்டும் போகிறாள் என்றால் நான் அவசரப்பட மாட்டேன். முதலாண்டு தேறியபின் மாறுவது சுலபம். எப்படியும் இந்த ஆகஸ்டைத் தாண்டியாக வேண்டும்.