இலவச உணவும் உறைவிடமும் கிடைத்தும் இங்கிலாந்தின் ஏழைகள் ஒர்க்ஹவுஸுக்கு ஏன் அஞ்சினார்கள்?

பிழைக்க வழியற்ற ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய பொது இல்லம்தான் ஒர்க்ஹவுஸ். சோறும் கூரையும் இலவசமாகக் கிடைத்த அந்த இடத்துக்கு ஏன் அஞ்சினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பாடநூலில் ஓரிரு வரிகள் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். நானும் அவ்வளவே அறிந்தவளாகத்தான் இங்கிலாந்துக்கு வந்தேன்.

1998இல் ஒரு மருத்துவமனையின் முதியோர் பிரிவில் செவிலியராக இருந்தபோது, எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் வந்து சேர்ந்தார். அதுவரை அமைதியாக இருந்தவர், உடை மாற்றச் சொன்னதும் தம் கம்பளிச் சட்டையின் பொத்தான்களை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு அழத் தொடங்கினார். குறிப்பேட்டில் 'மனக்குழப்பம்' என்று எழுதினார்கள். அந்தக் கட்டடம் பழைய ஒர்க்ஹவுஸ் என்பதும், அவருடைய பாட்டி அங்கேயே இறந்தார் என்பதும் மறுநாள் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்த ஊழியர்கள் ஒரு வார்த்தை விசாரிக்காமல் அப்படி எழுதியது எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஏனெனில், ஒர்க்ஹவுஸில் நுழைந்ததும் முதலில் பறிபோனது சொந்த உடைதான். குளிக்கவைத்துச் சீருடை கொடுப்பார்கள். பிறகு கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோரைத் தனித்தனிப் பகுதிகளுக்கு அனுப்புவார்கள். 1824இல் கட்டப்பட்டு இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் சவுத்வெல் ஒர்க்ஹவுஸுக்குப் பின்னாளில் போயிருந்தேன். முற்றங்களுக்கு இடையில் எழுப்பியிருந்த செங்கல் சுவரின் அருகே நின்றபோது, அப்பால் இருக்கும் பிள்ளையின் குரல் தாய்க்குக் கேட்டிருக்கும், முகம் தெரிந்திருக்காது என்பதை நினைத்து வெகுநேரம் அங்கிருந்து நகர முடியவில்லை.

ஏழைகளுக்கு உதவி வழங்குவது பற்றிய 1834ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வந்த கால அட்டவணைப்படி, கோடையில் காலை 5.45க்கு எழ வேண்டும். 7 முதல் 12 வரையும் 1 முதல் 6 வரையும் வேலை. 8 மணிக்குப் படுக்கை. ஆண்கள் கல் உடைத்தார்கள். தார் ஏறி இறுகிய பழைய கப்பல் கயிற்றை விரல்களாலேயே பிரித்து நாராக்கும் வேலையும் இருந்தது. அந்த நாரைக் கொண்டுதான் கப்பல் பலகைகளின் இடுக்குகளை அடைத்தார்கள். ரொட்டியும் கஞ்சியும் பாலாடைக்கட்டியும் எடை போட்டுத்தான் கிடைத்தன. ஆண்டோவர் என்ற ஊரின் ஒர்க்ஹவுஸில் உரத்துக்காக எலும்பு நொறுக்கியவர்கள், பசி தாளாமல் அழுகிய எலும்பின் மஜ்ஜையை உறிஞ்சித் தின்றது 1845இல் வெளிவந்து நாடே அதிர்ந்தது. இறந்த பின்னும் விடுதலை இல்லை: உரிமை கோர ஆளில்லாத உடல்களை உடற்கூறு கற்பிக்கும் பள்ளிகளுக்குக் கொடுக்க 1832ஆம் ஆண்டின் சட்டம் இடமளித்தது.

எல்லா இல்லங்களும் ஆண்டோவர் அல்ல என்று சிலர் இங்கே வாதிட வரலாம். உண்மைதான், பிள்ளைகளுக்குப் படிப்பும் நோயாளிகளுக்கு மருத்துவமும் கிடைத்த இடங்கள் உண்டு, வெளியே பட்டினி கிடந்தவர்களுக்கு அந்தக் கஞ்சியும் பெரிதுதான். ஆனால் வெளியில் மிகக் குறைந்த கூலி வாங்குபவரின் வாழ்வைவிட உள்ளே இருப்பவரின் நிலை தாழ்ந்திருக்க வேண்டும் என்பதே 1834ஆம் ஆண்டுச் சட்டத்தின் அறிவிக்கப்பட்ட கொள்கை. ஏழைகள் அஞ்ச வேண்டும் என்று திட்டமிட்டே கட்டினார்கள், அவர்களும் அஞ்சினார்கள். ஒர்க்ஹவுஸ்கள் 1930இல் முறைப்படி ஒழிந்த பிறகும் பல கட்டடங்கள் மருத்துவமனைகளாகத் தொடர்ந்ததால், அச்சமும் அந்தச் சுவர்களுக்குள்ளேயே தங்கிவிட்டது.

விவரம் தெரிந்த அன்று மாலை, அந்த அம்மையாரின் கம்பளிச் சட்டையை மருத்துவமனை அங்கியின் மேலேயே போட்டுவிட்டேன். பொத்தான்களை அவரே ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார்.