ஊசிக்குப் பயந்து பட்டினி கிடக்கலாமா? கர்ப்பகாலச் சர்க்கரை குறித்து மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு இது முதல் கர்ப்பம், 28 வாரம் ஆகிறது. மூன்றாம் மாதச் சோதனையில் சர்க்கரை இல்லை என்றார்கள். 26-ஆவது வாரம் குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 162 இருந்தது. இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தும் சாப்பாட்டுக்குப் பின் 138-க்குக் குறையவில்லை. இன்சுலின் போட வேண்டும் என்கிறார் மருத்துவர். ஊசி குழந்தையைப் பாதிக்கும், ஆயுளுக்கும் விடாது என்று மாமியார் பயப்படுவதால், இரவுச் சாப்பாட்டையே விட்டுவிட்டேன். இது சரியா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: வெறும் வயிற்றோடு படுப்பதை இன்றே நிறுத்துங்கள். நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் என்னும் பொருளை உண்டாக்கும். அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடையும் என்பதால், சர்க்கரை அளவு குறைந்து தெரிந்தாலும் அது நல்ல கட்டுப்பாடு ஆகாது.

மூன்றாம் மாதத்தில் இல்லாத சர்க்கரை ஆறாம் மாதத்தில் தெரிந்ததற்கு நீங்கள் சாப்பிட்ட இனிப்பைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரிவர வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன. கர்ப்பம் வளர வளர இந்தத் தடையும் கூடுவதால்தான், முதல் சோதனையில் ஒன்றும் இல்லாதவர்களுக்கும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்கிறோம். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் 140-ஐ எட்டுகிறதா என்று பார்க்கும் இம்முறை, சென்னை மருத்துவர் வீ. சேஷையாவும் அவரது குழுவினரும் வலியுறுத்தி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வெறும் வயிற்றோடு பேருந்து ஏறி வர வேண்டாம் என்பதே கிராமத்துக் கர்ப்பிணிக்குப் பெரிய உதவி.

இனி ஊசிக்கு வருவோம். தாயின் இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. வந்து சேரும் மிகுதிச் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே கூடுதல் இன்சுலினைச் சுரக்க நேர்வதால், குழந்தை அளவுக்கு மீறிப் பருத்துப் பிரசவத்தின்போது தோள் சிக்கிக்கொள்ளவும், பிறந்த சில மணி நேரத்தில் அதன் சர்க்கரை தாழ்ந்துபோகவும் இடமுண்டு. ஆக, உங்கள் மாமியார் அஞ்சும் மருந்து குழந்தையை எட்டுவதில்லை. கட்டுப்படாத சர்க்கரைதான் எட்டுகிறது. (மெட்பார்மின் மாத்திரை நஞ்சுக்கொடியைக் கடக்கும். மருத்துவர் அதை எழுதிக் கொடுத்திருந்தால், இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.) வெறும் வயிற்றில் 95-க்குக் கீழும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழும் இருக்க வேண்டும், 138 அதற்கு மேல் என்பதால் உங்கள் மருத்துவர் சொன்னது சரியே. நஞ்சுக்கொடி வெளியேறியதும் அந்தத் தடையும் நீங்கிவிடுவதால், பெரும்பாலானோருக்குப் பிரசவத்தோடு ஊசியும் நின்றுவிடும்.

ஊசி போடத் தொடங்கியபின் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டு, நாட்டுச் சர்க்கரை போட்டுக் கேழ்வரகுக் கஞ்சி குடிக்கிறேன். இருந்தும் காலையில் அளவு ஏறுகிறதே?
- வாசகி, தருமபுரி

பதில்: ஏறத்தான் செய்யும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே இரத்தத்தில் கலந்தபின் ஒன்றுதான். மாவாக அரைத்துக் காய்ச்சிய கஞ்சியும் வேகமாகச் செரித்துவிடும். அதே கேழ்வரகை முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டி, ஒரு முட்டையோ சுண்டலோ சேர்த்துச் சாப்பிட்டால் ஏற்றம் நிதானமாக இருக்கும். மதியம் சோற்றை அடியோடு விடத் தேவையில்லை. சோற்றின் அளவைக் குறைத்து, கூட்டு, பொரியல், பருப்பு, மீன் ஆகியவற்றைக் கூட்டுங்கள். உணவை மூன்று வேளையாகவும் இடையிடையே சிறு தீனியாகவும் பிரித்துக்கொண்டு, மருத்துவர் தடை சொல்லாவிட்டால் ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் கால் மணி நேரம் நடங்கள். வளைகாப்பன்று கலந்த சாதங்களை ருசி பார்க்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். உறவினர் ஊட்டுவதைத் தடுப்பதுதான் உண்மையில் சிரமம்.

இன்னொன்று: மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் விரலில் குத்திப் பார்த்தால், ஒட்டியிருக்கும் சாறே அளவை உயர்த்திக் காட்டிவிடும். சோப்பால் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள், வலியும் குறையும்.

கேள்வி: மூன்றாண்டுகளாகச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: பெற்றுக்கொள்ளலாம், ஆனால் ஆயத்தம் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். கருவின் உறுப்புகள் முதல் சில வாரங்களிலேயே உருவாகிவிடுவதால், இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c அளவு 6.5 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை காத்திருப்பது நல்லது. கண்ணின் விழித்திரையையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகளும் கருவுக்கு ஆகாதவை என்பதால் எல்லாச் சீட்டுகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். போலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்கலாம்.

கேள்வி: பிரசவம் ஆகிவிட்டது, சர்க்கரையும் இல்லை. இனிக் கவலை வேண்டாம்தானே?
- வாசகி, தென்காசி

பதில்: கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். தாய்ப்பால் கொடுப்பது அதை ஓரளவு குறைக்கும். ஆறாவது வாரம் மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும். ஆனால் அதற்குள் வீட்டின் கவனமெல்லாம் குழந்தையின் பக்கம் போய்விடுவதால் பலர் வருவதே இல்லை. குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட எப்படியும் வருவீர்கள். இந்தச் சோதனைக்கு முந்தைய இரவிலிருந்து சாப்பிடாமல் இருக்க வேண்டியிருக்கலாம் என்பதால், அதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அதே நாளில் உங்கள் இரத்தத்தையும் கொடுத்துவிடுங்கள்.