வாசகர் கேள்வி – எழுத்தாளர் பதில்: முதியவர்களும் நகைச்சுவையும்

கேள்வி: சிற்றூர்த் திருச்சபை ஒன்றைச் சேர்ந்த ஐந்து முதியவர்களை வைத்து நகைச்சுவைக் கதை ஒன்று எழுதினேன். இளையவர்கள் ரசித்துச் சிரித்தார்கள். ஆனால் எண்பதை நெருங்கும் என் பெரியம்மா, "எங்களைக் கோமாளிகளாக்கிவிட்டாயே" என்று வருந்தினார். கதையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பிழை எங்கே?

பதில்: கதையைப் படித்தேன், உங்கள் பெரியம்மாவின் வருத்தம் நியாயமானது என்றே கருதுகிறேன். சிரிப்பு எழும் இடங்கள் எல்லாம் காது கேளாமை, மறதி, கழன்று விழும் பல்செட்டு ஆகிய மூன்றையே சுற்றி வருகின்றன. இவை முதுமை அவர்கள்மேல் சுமத்தியவை. ஒருவர் தாமே விரும்பிப் பற்றிக்கொண்டிருக்கும் பிடிவாதத்தையும், அவர் மறைக்க நினைத்தும் வெளிப்பட்டுவிடும் அன்பையும் கண்டு சிரிக்கும்போது அவரும் நம்மோடு சேர்ந்து சிரிக்க இடமிருக்கிறது. அவரால் மாற்ற இயலாத தளர்ச்சியைக் கண்டு சிரிக்கும்போது அந்த இடம் இல்லாமற்போகிறது.

ஆந்தனி டிராலப் 1855-இல் வெளியிட்ட 'தி வார்டன்' என்னும் நாவலை இதற்காகவே படித்துப் பாருங்கள். பன்னிரண்டு ஏழை முதியவர்கள் தங்கியிருக்கும் அறநிலையம் ஒன்றின் பொறுப்பாளர் ஹார்டிங் என்னும் குருவானவர். தாம் பெறும் வருமானம் நியாயமானதுதானா என்ற ஐயம் எழுந்து மனம் கலங்கும்போதெல்லாம், கையில் இல்லாத செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியை அவருடைய கைகள் காற்றில் வாசிக்கத் தொடங்கிவிடும். நாம் சிரிக்கிறோம், ஆனால் அந்தக் கைகளை அசைப்பது அவருடைய மனச்சாட்சி என்பதும் நமக்குத் தெரிகிறது. உங்கள் ஐவரில் ஒருவருக்காவது இப்படியொரு செய்கை அமைந்திருந்தால், பல்செட்டின் உதவி கதைக்குத் தேவைப்பட்டிராது.

சிற்றூர் என்ற களத்தையும் நீங்கள் போதிய அளவு பயன்படுத்தவில்லை. பெருநகரத்தில் இருவருக்கு மனத்தாங்கல் ஏற்பட்டால் ஒருவர் வேறு ஆலயத்துக்குப் போய்விடலாம். ஒரே ஆலயம் உள்ள ஊரில் அது முடியாது. முப்பது ஆண்டுகளாகத் தாம் அமர்ந்துவந்த இருக்கையில் வேறொருவர் அமர்ந்துவிட்டார் என்பதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட இரு முதியவர்களை எண்ணிப் பாருங்கள். காணிக்கை செலுத்த வருகிறவன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். திருவிருந்து ஞாயிறு நெருங்குகிறது. இருவரும் அந்த வசனத்தை மனப்பாடமாக அறிந்தவர்கள். மற்றவரே முதலில் வர வேண்டும் என்று இருவரும் காத்திருக்கிறார்கள். இருவருக்கும் வேண்டிய ஒரு மூதாட்டி, கேளாமலேயே இரண்டு வீடுகளுக்கும் தூது போய்க் காரியத்தை மேலும் சிக்கலாக்குகிறார். இங்கே கதையை முன்னே தள்ளுவது விசுவாசமே. உங்கள் கதையிலோ ஆலயம் வெறும் பின்னணியாக நின்றுவிட்டது. அதை ஒரு மனமகிழ் மன்றமாக மாற்றியிருந்தாலும் நிகழ்ச்சிகள் மாறியிருக்கமாட்டா. எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுவது இதுதான்.

கேள்வி: ஜெபத்தையும் ஆராதனையையும் நகைச்சுவைக்குப் பொருளாக்குவது பக்திக்கு இழுக்கு அல்லவா?

பதில்: வேதாகமமே அதற்கு வழிகாட்டியிருக்கிறது. முதிர்வயதில் பிள்ளை பிறக்கும் என்ற வாக்குத்தத்தத்தைக் கேட்டு ஆபிரகாமும் நகைத்தார், சாராளும் நகைத்தாள். பயத்தில் அவள் "நான் நகைக்கவில்லை" என்று மறுத்தபோது, கர்த்தர் அவள் நகைத்ததைச் சுட்டிக்காட்டினாரே தவிர வாக்கைத் திரும்பப் பெறவில்லை; ஈசாக்கு பிறந்தபோது ஆபிரகாமுக்கு வயது நூறு. அப்போஸ்தலர் நடபடிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தில், சிறையிலிருந்த பேதுருவுக்காகச் சபையார் ஊக்கமாக ஜெபிக்கிறார்கள். விடுதலையான பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்னும் பெண் சந்தோஷ மிகுதியால் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிச் செய்தி சொல்ல, ஜெபித்துக்கொண்டிருந்தவர்களோ அவள் பிதற்றுவதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவர் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார்! கேட்டது கிடைத்தபின்னும் நம்ப இயலாத மனித இயல்பு இங்கே வெளிப்படுகிறது. ஜெபத்தின் மேன்மை குறையவில்லை. எபேசியர் நிருபம் விலக்கச் சொல்வது வம்பும் பரியாசமுமான பேச்சை. ஜெபிக்கிறவரின் தடுமாற்றத்தைப் பரிவோடு எழுதலாம்; ஜெபத்தையே பயனற்றதாகக் காட்டும் சிரிப்பை நான் எழுதமாட்டேன்.

கேள்வி: முடிவில் வசனம் ஒன்றைச் சேர்த்தால்தான் அது கிறிஸ்தவக் கதையாகுமா?

பதில்: தேவையில்லை. இருக்கைக்காகச் சண்டையிட்டவர் பீடத்தை நோக்கி நடக்கத் தொடங்கிப் பாதியில் திரும்பி வந்தால், வாசகருக்கு வசனம் தானாகவே நினைவுக்கு வரும். பாத்திரம் ஒன்று தன் இயல்பாலேயே வசனம் சொல்லக்கூடியவர் என்றால் கதையின் நடுவில் சொல்லட்டும். தமக்குச் சாதகமான பாதியை மட்டும் அவர் சொல்வதாக எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும். திருத்திய கதையை அச்சுக்கு அனுப்புமுன் உங்கள் பெரியம்மாவிடமே முதலில் வாசித்துக் காட்டுங்கள்.