வேலைவாய்ப்புக் கொள்கை படிக்க...

கேள்வி: மகள் பி.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டாள். வேலைவாய்ப்புக் கொள்கை, திறன் மேம்பாட்டுத் துறையில் நிபுணராக வர ஆசைப்படுகிறாள். வழி என்ன?
– வாசகி, பாம்பன்

பதில்: எம்.ஏ. பொருளாதாரம் அல்லது புள்ளியியல் சேரட்டும். பட்டத்தைவிட முக்கியம், தரவைக் கையாளும் பழக்கம். யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று வீடுவீடாகக் கேட்டு, 2017 முதல் நடக்கும் காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பின் (PLFS) தரவு, மத்திய புள்ளியியல் அமைச்சகத் தளத்தில் இலவசம். அதை அலசும் 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருளும் இலவசம். புதியவர்கள் சறுக்குவது, வெயிட் (மாதிரியில் உள்ள ஒருவர் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்ற எண்) சேர்க்காமல் சதவீதம் எடுப்பதில்தான். விடை அடியோடு தப்பாகிவிடும்.

கணக்கெடுப்புக் கேள்விகள் எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கின்றன என்பதையும் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். உதாரணத்துக்கு, உங்கள் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளி, 'கடந்த ஓராண்டு' கணக்கில் வேலையுள்ளவர். 'கடந்த 7 நாள்' கணக்கிலோ, ஒரு மணி நேரமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். மே மாதம் கேட்டால் அவர் வேலையற்றவராகப் பதிவாகலாம். கடலில் பாசி எடுக்கும் பெண்களை வெறும் 'இல்லத்தரசி' என்று எழுதிவிடுவது இன்னும் பெரிய அநியாயம். ஆண்டில் 30 நாள் செய்தாலே அது துணைத் தொழில்; அவர்களும் வேலையுள்ளவர்கள்தான்.

எம்.ஏ. ஆய்வேட்டுக்கு இதையே எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பெண்களிடம் மாதவாரியாக வேலை நாள், கூலி கேட்டுப் பதிந்தால், நேர்காணலில் காட்ட உருப்படியான வேலை கையில் இருக்கும்.