மாக்பெத் யாரிடம் பேசுகிறான்?

மயூர் விஹாரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “மகள் டெல்லியில் கல்லூரி முதலாண்டு படிக்கிறாள். நாடகக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ நாடகத்தில் கத்தியைப் பார்த்துப் பேசும் தனிமொழியைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வரி பிசகாமல் சொல்கிறாள், ஆனாலும் ஒப்பிப்பது மாதிரி இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்யலாம்?”

மனப்பாடம் ஆகிவிட்டது, நல்லது. இனி குரலை ஏற்றி இறக்கிப் பார்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தட்டும். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, மாக்பெத் எந்த வரியை யாரிடம் சொல்கிறான் என்று குறிக்கச் சொல்லுங்கள். தனிமொழி என்பது பெயருக்குத்தான். அரசனைக் கொல்லக் கிளம்பும் மாக்பெத், முதலில் அந்தரத்தில் தெரியும் கத்தியிடம் பேசுகிறான். அப்படி ஒன்றுமே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். அப்புறம், என் காலடி ஓசையைக் கேட்காதே என்று பூமியிடம் கெஞ்சுகிறான். கடைசியாக, உள்ளே தூங்கும் அரசன் டங்கனிடம். ஆள் மாறும் இடத்தில் பார்வை மாறினாலே ஒப்பிக்கும் ராகம் பாதி போய்விடும்.

அடுத்து, அவன் சொல்லாமல் விட்டதைத் தேடட்டும். எனக்கு இந்தப் பேச்சில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ‘நான் டங்கனைக் கொல்லப் போகிறேன்’ என்று அவன் ஓரிடத்திலும் சொல்வதில்லை. ‘ரத்தக் காரியம்’ என்கிறான். கொலை என்ற சொல் வரும்போதும், அது இருட்டில் பூனைநடை போடும் வேறு யாரோ ஒருவனாகத்தான் வருகிறது. முடிவில் மணி அடிக்கிறது, அது தன்னை அழைக்கிறது என்கிறான். மணியடிக்கும்படி தன் மனைவிக்குச் சற்று முன்பு சொல்லி அனுப்பியதே அவன்தான்! பலர் இதை வில்லன் குரலில் முழங்குகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. செய்யப்போவதன் பெயரை வாயால் சொல்லக்கூடத் துணிச்சல் இல்லாதவன் எப்படி முழங்குவான்?

வித்தியாசம் புரிய, சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை வீட்டில் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். கண்ணகி அரசன் முன் நின்று பேசுகிறாள், அதனால் அது தனிமொழி அல்ல. ஆனால் எதையும் மறைக்காமல் ஊர்ப்பெயர், கணவன் பெயர், ‘கண்ணகி என்பது என் பெயரே’ என்று தன் பெயர், எல்லாவற்றையும் சொல்லி நிற்கிறாள். பெயர் சொல்பவள் நிற்கும் விதம் வேறு, பெயரைத் தவிர்ப்பவன் நிற்கும் விதம் வேறு. மகள் இரண்டையும் உடம்பில் செய்து பார்க்கட்டும்.

அப்புறம், முழுப் பேச்சையும் ஒருமுறை வீட்டுத் தமிழில், தன் சொற்களிலேயே சொல்லிப் பார்க்கட்டும். எந்த இடத்தில் தடுமாறுகிறாளோ அங்கே பொருள் இன்னும் பிடிபடவில்லை.

தேர்வு அறையில் மணி அடிக்க ஆள் இருக்காது. அவளுக்கே அது கேட்கும்வரை, கடைசி வரிகளுக்கு முன் அவள் காத்திருக்கலாம்.